பதினொரு புளொப்பிகளும் ஓர் இடாப்பும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் 1998 உயர்தரப் பிரிவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியர் பேச வருகிறார் என்றதும் சீனி வருத்தத்தைப் பற்றியோ முழங்கால் நோவைப் பற்றியோ சொல்வார் என்று முன்வரிசையில் சிலர் தயாராக இருப்பது தெரிகிறது. அவற்றைத் தேநீர் வேளையில் கேளுங்கள். இப்போது நாங்கள் பேச வந்தது ஒரு பிஸ்கட் ரின்னைப் பற்றி.

எங்கள் புவியியல் ரீச்சரை உங்களில் பலருக்குத் தெரியும். கோவிலின் பின்வீதிப் பக்கம் ஓர் ஒழுங்கையில் இப்போதும் இருக்கிறா. வயது எண்பத்தேழு. சென்ற வருடம் திருவிழாக் காலத்தில் அவவைப் பார்க்கப் போனபோது, அலுமாரியின் மேல்தட்டைக் காட்டி, "அந்த ரின்னை எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளையள், நூற்றாண்டு வருதெல்லே" என்றா. திறந்தோம். உள்ளே பதினொரு புளொப்பிகள். ஒவ்வொன்றிலும் நீல மையில் ரீச்சரின் உருண்டை எழுத்து. 'ஆண்டு 6', 'ஆண்டு 7' என்று தொடங்கி 'ஆண்டு 13' வரை எட்டு. 'நினைவுகள்' என்று ஒன்று. 'எழுத்துரு' என்று ஒன்று. 'துவக்கம்' என்று ஒன்று.

அது என்ன என்று எங்களுக்கு உடனே விளங்கியது. இளையவர்களுக்காகச் சொல்கிறோம்.

1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. நாங்கள் படித்தது ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில். செய்தி கேட்டது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி. கணினி என்ற சொல்லைப் பொது அறிவுப் புத்தகத்தில்தான் பார்த்தோம். 1995 ஓகஸ்ட் 24ஆம் திகதி விண்டோஸ் 95 வெளிவந்தது. உலகத்தின் பல நகரங்களில் நடுச்சாமத்தில் கடைவாசலில் வரிசையில் நின்று வாங்கினார்களாம். அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒக்ரோபர் 30 இரவு, நாங்களும் ஒரு வரிசையில் நின்றோம். மழைக்குள், நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கு. வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றி இந்த மண்டபத்தில் அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. புத்தகப் பையைத்தான் தூக்கினோம். பாடசாலையை யாரும் தூக்க முடியவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது அலுவலக அறையில் அலுமாரி இருந்தது. உள்ளே இடாப்புகள் இருக்கவில்லை. 1995இல் இந்தப் பாடசாலையில் யார் யார் படித்தார்கள் என்பதற்கு ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

அந்த இடாப்பைத்தான் ரீச்சர் திரும்ப எழுதினா. வீடு வீடாகக் கேட்டா, கடிதம் போட்டா. 2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்ததும் வன்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களைப் பிடித்துக் கேட்டா. ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு நிரல்கள்: பெயர், ஊர், இடம்பெயர்ந்து போன இடம், திரும்பி வந்த வருடம். லண்டன் கிளை அக்காமார் தாங்கள் பாவித்த கணினி ஒன்றை 2003இல் பாடசாலைக்கு அனுப்பினார்கள். விண்டோஸ் 95 போட்டது. பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் இருந்தது. அறுபத்தைந்து வயதில் ரீச்சர் அதில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப் பழகி, தன் குறிப்புகள் முழுவதையும் ஏற்றினா. புத்தகமாக அடிப்பதென்று ஒழுங்கு செய்த வேளையில், 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடியது. அச்சுத்தாளும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. கையெழுத்துக் குறிப்புகளைக் கறையான் எடுத்தது. அந்தக் கணினியும் ஒரு நாள் பழுதாகிப் பழைய இரும்போடு போனது. மிஞ்சியது அந்த ரின்.

பதினொரு புளொப்பியில் என்ன பெரிய வேலை, போட்டுப் பார்த்தால் தெரியுமே என்று நாங்களும் நினைத்தோம். எங்களில் பாடசாலையில் படிப்பிப்பவர் ஒருவர், கொழும்பில் கணக்காளர் ஒருவர், ரொறன்ரோவில் பொறியியலாளர் ஒருவர், வைத்தியம் பார்ப்பவர் ஒருவர். நால்வருக்குமாக ஏழு மாதம் எடுத்தது.

வைத்தியத்தில் முதலில் பழக்குவது, கை வைக்க முன் பார் என்பதுதான். புளொப்பியின் உலோகத் தகட்டை மெல்ல நகர்த்தினால் உள்ளே கறுப்பு வட்டு தெரியும். எங்கள் ஈரக் காற்றில் இருபது வருடம் கிடந்தால் அதில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படியே செலுத்தினால் வாசிக்கும் முனை பூஞ்சணத்தை இழுத்து வட்டைக் கீறிவிடும். அடுத்த வட்டுக்கும் அது தொற்றும். தொற்று நோய் விடுதியின் ஒழுங்கேதான்: சுத்தமானவற்றை முதலில், சந்தேகமானவற்றைக் கடைசியில், ஒவ்வொன்றுக்குப் பிறகும் முனையைத் துடைத்து. ஒவ்வொரு புளொப்பியின் மூலையிலும் ஒரு சின்னக் கதவு உண்டு. அது திறந்து துவாரம் தெரிந்தால் கணினியால் வாசிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டோம்.

ரொறன்ரோத் தோழி யூஎஸ்பி புளொப்பி வாசிப்பான் ஒன்றை அனுப்பினா. கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்காமல், வட்டு முழுவதையும் அப்படியே ஒரு படிமமாக எடுத்தோம். ஒரு புளொப்பியில் 2,880 பகுதிகள், ஒவ்வொன்றும் 512 பைட்டுகள். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதானவற்றுக்குப் பிறகு திரும்பித் திரும்பி வந்து முயலும் டீடீரெஸ்கியூ என்ற மென்பொருளைப் பாவித்தோம். ஒன்பது வட்டுகள் முழுமையாக வந்தன. 'ஆண்டு 11' பாதி வந்தது. 'ஆண்டு 8' வரவேயில்லை. ஆண்டு 11 என்பது நாங்கள்தான்.

படிமம் கிடைத்தும் படிக்க முடியவில்லை. பேஜ்மேக்கர் கோப்பை இன்றைய எங்கள் மடிக்கணினிகளில் எதுவும் திறக்கவில்லை. அந்தப் பழைய மென்பொருளை அதன் பழைய வீட்டிலேயே இருத்த வேண்டியிருந்தது. வீட்டுக்கு எங்கே போவது?

இங்கேதான் எமியுலேற்றர் என்பது வருகிறது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல நடிக்கும் மென்பொருள் அது. உள்ளே ஓடும் விண்டோஸ் 95க்குத் தான் ஒரு பழைய பெட்டிக்குள் இருப்பதாகவே தோன்றும். லண்டனிலிருந்து வந்த பெட்டியோடு விண்டோஸ், பேஜ்மேக்கர் இறுவட்டுகளும் உரிமத் தாளும் வந்திருந்தன. பாடசாலை நூலகத்தில் அவை பத்திரமாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் அவசரப்பட்டோம். புதிய மடிக்கணினியின் முழு வேகத்தையும் உள்ளே விடுகின்ற ஒரு மென்பொருளில் நிறுவிப் பார்த்தோம். விண்டோஸ் 95 எழும்பவில்லை. பாதுகாப்புப் பிழை என்று ஒரு வரி, அதோடு சரி. காரணம் விசித்திரமானது. எழும்பும்போது அது ஒரு சிறிய சுற்றைப் பல லட்சம் தடவை ஓடி, எடுத்த நேரத்தால் வகுத்துக் கணினியின் வேகத்தை அளக்கிறது. இன்றைய கணினி அதை நேரமே எடுக்காததுபோல முடித்துவிடுகிறது. பூச்சியத்தால் வகுக்க வேண்டி வருகிறது. பூச்சியத்தால் வகுக்க ஏலாது என்று எங்கள் கணித ரீச்சர் எத்தனை முறை சொல்லியிருப்பா!

ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. 86பொக்ஸ் என்ற எமியுலேற்றருக்கு மாறினோம். அது பழைய கணினியின் ஒவ்வொரு உறுப்பையும், அதன் வேகத்தோடு சேர்த்து, பாவனை செய்கிறது. தாய்ப்பலகை எது, செயலி எது, நினைவகம் எவ்வளவு, திரை அட்டை எது என்று நாங்களே தெரிவு செய்ய வேண்டும். 133 மெகாஹேர்ட்ஸ் பென்டியம், 32 எம்பி நினைவகம், ஒரு ஜிபி வன்தட்டு என்று கொடுத்தோம். முதலாவது விண்டோஸ் 95 ஒரு பிரிவில் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. தாராளம் காட்டினாலும் அதற்கு வேண்டாம்.

ரீச்சர் 'துவக்கம்' என்று எழுதி வைத்த வட்டு ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த இறுவட்டு தானாக எழும்பாது. புளொப்பியில் எழுப்பி, வன்தட்டைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, அதன் பிறகே இறுவட்டுக்குப் போக வேண்டும். அந்தப் படிமத்தைக் கொடுத்தோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. உரிம இலக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாறி மாறி வாசித்தோம். நின்று நின்று எழும்பியது. ஒரு பின்னேரம் போனது. கடைசியில் நீல வானமும் முகிலும் வந்து, அந்த ஆறு வினாடி இசை கேட்டது. பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசைக்கலைஞர் அமைத்தது. எங்கள் வயதில் உலகத்துப் பிள்ளைகள் 1995இல் கேட்டதை நாங்கள் முப்பது வருடம் பிந்திக் கேட்டோம். சிரித்துவிட்டுப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

'ஆண்டு 6' கோப்பைத் திறந்தோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், ஒரு சொல்லும் இல்லை. பாமினி இல்லாத இடத்தில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்தன. கணினிக்குத் தமிழே தெரியாது. எழுத்துருதான் தமிழாகக் காட்டியது. 'எழுத்துரு' வட்டிலிருந்து பாமினியை நிறுவித் திரும்பத் திறந்தோம். அரைப்புள்ளிகள் குற்றுகளாயின. முதல் வரி, 'ஆண்டு 6 அ பிரிவு'. ரீச்சரின் பக்கம், ரீச்சர் கோடு போட்ட அட்டவணை, அப்படியே இருந்தது.

அதோடு வேலை முடியவில்லை. இதை இன்றைய யூனிகோட்டுக்கு மாற்றினால்தான் தேடவும் கைபேசியில் வாசிக்கவும் முடியும். மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் பாமினியில் கண் காணும் ஒழுங்கில் எழுத்துகள் நிற்கும். 'கை' என்பதற்கு முதலில் ஐகாரக் குறி, பிறகு ககரம். யூனிகோட்டில் ககரம் முதலில். 'ர்' என்பதற்குப் பாமினியில் அரவும் குற்றும். இவற்றை மாற்றி சமாளித்துவிடும். ஆங்கிலம் கலந்த இடத்தில்தான் தடுமாறும். 'நினைவுகள்' வட்டில் ஓர் அக்கா எழுதியிருந்த ஆங்கில வாக்கியத்தில் 'இஃப்' என்ற சொல் 'கை' ஆகிவிட்டது. விலாசங்களும் பட்டங்களும் வாசிக்க முடியாத தமிழாகின. மாற்றிய பிரதியை மட்டும் வைத்திருந்தால் எது பிழை என்று எப்படித் தெரியும்? ஒரு திரையில் எமியுலேற்றரில் ரீச்சரின் பக்கத்தை வைத்து, மறு திரையில் புதிய பிரதியை வைத்து, ஒவ்வொரு பெயராக ஒப்புநோக்கினோம். இவ்வளவு பாடுபட்டுப் பழைய கணினியை எழுப்பியதன் உண்மையான பயன் அதுதான்.

அந்த நிரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது நிரலில் சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், கிளிநொச்சி, மல்லாவி என்று வரும். நான்காவதில் பெரும்பாலும் 1996. சிலருக்கு 2002, 2003. சிலருக்குக் கொழும்பு, கனடா, நோர்வே. சிலருக்கு வெறுமை. ரீச்சர் அந்த இடத்தில் கோடுகூடப் போடவில்லை. விட்டிருந்தா, யாராவது வந்து நிரப்புவார்கள் என்று.

எங்கள் வகுப்பில் பத்தொன்பது பெயர்களோடு வட்டு நின்றுவிட்டது. மொத்தம் முப்பத்தாறு பேர் என்று தலைப்பில் இருந்தது. நாங்கள் படித்த வகுப்பு, எங்களுக்குத் தெரியாதா? வட்ஸ்அப்பில் நான்கு நாடுகளிலிருந்து இரண்டு கிழமை வாதாடினோம். முப்பத்தொன்று வரை வந்தது. மிச்சம் ஐந்து பேர் யார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்களை நாங்கள் மறந்திருக்கிறோம். அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்வது வெட்கம்தான்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்குப் போனோம். அவவுக்கு இப்போது பார்வை மங்கல். திரையைக் காட்டிப் பயனில்லை. ஆகவே இடாப்புக் கூப்பிடுவதுபோலப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தோம். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. இருபத்திரண்டாவது பெயர் தாண்டியதும் கையை உயர்த்தினா.

"நில்லுங்கோ. அவவுக்குப் பிறகு ரெண்டு பேர் இருக்கினம். விட்டிட்டியள்."

இரண்டு பேரையும் தகப்பன் பெயரோடு சொன்னா. இன்னும் கொஞ்சம் போனதும் மற்ற மூவரையும் சொன்னா. அந்த ஐவரில் ஒருவர் ஏன் எங்கள் ஞாபகத்தில் இல்லை என்பதற்கும் ரீச்சரிடம் விடை இருந்தது. அந்தப் பிள்ளை இடப்பெயர்வுக்குப் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. வன்னியில் காய்ச்சலில் போய்விட்டாளாம், 1996இல். நாலாவது நிரலில் என்ன போடுவது ரீச்சர் என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரைப் போடுங்கோ பிள்ளையள். பேர் இருந்தாக் காணும்" என்றா.

நாங்கள் இப்போது பேசும் இடம் நல்லூர். 1822இல் இங்கே பிறந்த ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஏட்டில் இருந்ததை அச்சுக்கு மாற்றினார். பின்னர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை சிதைந்த ஏடுகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். அவர்களுக்கும் முன்னே, பெயர் தெரியாத எத்தனையோ பேர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார்கள். பெட்டியில் பூட்டி வைத்ததால் மட்டும் ஒன்றும் எங்களிடம் வந்து சேரவில்லை. வாசிக்கத் தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அடுத்த ஏட்டுக்கு மாற்றியதால்தான் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான். எங்கள் ரின்னை ஒருவரும் எரிக்கவில்லை. அது சும்மா இருந்தே அழிந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து வருடம் கழித்துத் திறந்திருந்தால் வட்டும் வாசித்திராது. ரீச்சரிடம் கேட்டிருக்கவும் முடியாமல் போயிருக்கலாம்.

இப்போது ரீச்சரின் இடாப்பு மூன்று விதமாக இருக்கிறது. வட்டுப் படிமங்களும் பாமினியும் எமியுலேற்றருக்குள் எழுப்பிய விண்டோஸும் ஒரு தொகுதி. யூனிகோட் பிரதி ஒன்று. தாளில் அச்சிட்டது ஒன்று. பாடசாலையிலும் கொழும்பு, லண்டன், ரொறன்ரோ கிளைகளிலும் ஒவ்வொரு தொகுதி இருக்கும். ஈழத்துத் தமிழ் எழுத்துகளை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு 'நினைவுகள்' பகுதியைக் கொடுக்க விரும்புகிறோம். அதில் எழுதிய அக்காமாரிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் சம்மதம் கேட்டு வருகிறோம். பெயர் நிரலைப் பொதுவில் போடமாட்டோம். யார் எங்கே போனார், எப்போது திரும்பினார் என்பது அவரவர் சொல்ல வேண்டியது. நோயாளியின் கோவையைப் போலத்தான் அதையும் நாங்கள் பார்க்கிறோம்.

உங்களிடம் கேட்பது இரண்டு.

முதலாவது, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ரின் இருக்கும். கலியாண அழைப்பிதழ், அப்பா எழுதிய ஊர் வரலாறு, அம்மாவின் கடிதம், ஏதோ ஒன்று புளொப்பியில் பாமினியில் கிடக்கும். எறியாதீர்கள். அவசரப்பட்டுச் செலுத்தவும் வேண்டாம். தகட்டை நகர்த்திப் பூஞ்சணம் பாருங்கள். எழுதவிடாத கதவைத் திறந்துவிடுங்கள். முதலில் முழுப் படிமம் எடுங்கள், பிறகு மற்றதெல்லாம். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து வையுங்கள், அது இல்லாமல் மற்றது வெறும் அரைப்புள்ளி. முடியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். வாசிப்பான் பாடசாலைக் கணினி அறையில் இருக்கிறது. இந்த வருட உயர்தர வகுப்பில் மூன்று பிள்ளைகள் இப்போது எங்களைவிட நன்றாக இதைச் செய்கிறார்கள்.

இரண்டாவது, 'ஆண்டு 8'. அந்த வட்டில் எங்களால் ஒன்றும் எடுக்க முடியவில்லை. ரீச்சர் அந்த வகுப்புக்குப் படிப்பிக்கவில்லை, ஆகவே அவவின் ஞாபகத்திலும் இல்லை. 1995இல் இங்கே ஆண்டு 8இல் இருந்தவர்களே, இன்று உங்களுக்கு நாற்பத்து மூன்று வயது இருக்கும். மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம், ரீச்சர் போட்ட அதே நான்கு நிரல்களோடு. உங்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் இருந்தவளின் பெயரை எழுதுங்கள். இங்கே வர முடியாதவர்கள், இம்மலரில் இதை வாசிக்கும்போது, உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். நான்காவது நிரல் தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள்.

காலை வரை அந்தக் கொப்பியில் ஏழு பெயர்கள். பேசி முடித்ததும் போய்ப் பார்க்க இருக்கிறோம்.